முறை வீட்டில் பங்கில்லாதவர்

கிணற்றுத் தண்ணீரை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். குற்றாலத்துச் சாரலை ஆறு பேர் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது? வெகுகாலம் எனக்கு விடை தெரியாமல் இருந்த கேள்வி இது. நேற்று ஸ்டேஷனில் வைத்து நீங்கள் கேட்டது வேறு கேள்வி என்பது நினைவிருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. என் தங்கை கணவர் குத்தாலிங்கம் ஆற்றோடு போன அன்று நான் எங்கே நின்றேன், என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். அதற்கான பதில் இந்தக் கேள்விக்குள்தான் கிடக்கிறது. அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும் என்றீர்கள். அவர் நல்ல மனிதர், ஆனால் சுருக்கி எழுதுகிறவர். சுருக்கினால் ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்பது விட்டுப்போகும். நானே எழுதித் தருகிறேன் என்றதும் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள், நன்றி.

என் பெயர் பால்வண்ணநாதன். மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்காசியில் என்னை ‘விளக்கம் ஓவர்சியர்’ என்பார்கள். கேலிதான், எனக்கு வருத்தமில்லை. குளத்து மடையை எப்படித் திறப்பது என்று யாராவது கேட்டால், திருகின் மரை ஏன் அந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதிலிருந்து தொடங்குவேன். கேட்டவர் நடுவில் நழுவிவிட்டால் அடுத்த முறை பார்க்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வதுண்டு.

சீசனுக்குக் குற்றாலம் போகிறவர் என்ன செய்வார்? போன அன்றைக்கே ரொக்கத்தை நீட்டி லாட்ஜில் அறை கேட்பார். லாட்ஜ்காரர் முதலில் பெட்டிகளைப் பார்ப்பார், பிறகு குழந்தைகளை எண்ணுவார், கடைசியாக வானத்தைப் பார்ப்பார். வானம் கறுத்திருந்தால் வாடகை ஒன்று, வெளுத்திருந்தால் இன்னொன்று. கொஞ்சம் முன்யோசனை உள்ளவர் ஒரு மாதத்துக்கு வீடு பேசுவார். அந்த வீட்டின் பின்கட்டில் வீட்டுக்காரர் இருப்பார். எண்ணெய் தேய்த்த உடம்போடு சுவரில் சாயாதீர்கள் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். எப்படிப் போனாலும் கொடுத்த பணம் கொடுத்ததுதான். சீசன் முடிந்து ஊர் திரும்பும்போது கையில் ஈரத் துண்டைத் தவிர ஒன்றும் இருக்காது.

எனக்கு வழி தோன்றியது வடகரையில் ஒரு கிணற்றடியில். அங்கே ஒரு கிணற்றுக்கு ஆறு பங்காளிகள். ஒருவர் தண்ணீர் இறைக்கக் கமலை பூட்டுகிற நாளில் மற்றவர் மாட்டை அவிழ்க்கக்கூட மாட்டார். முறை என்று வந்துவிட்டால் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகூடச் சண்டை போடுவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிணற்றுக்கு முடிகிற காரியம் வீட்டுக்கு ஏன் முடியாது? ஒரே வீடு, ஆறு பங்கு. சீசனை ஆறாகப் பிரித்து ஆளுக்கொரு முறை. வருஷா வருஷம் முறை ஒரு படி தள்ளிப்போகும், அதனால் முதல் முறை எப்போதும் ஒருவருக்கே என்று ஆகாது. வீடு நமக்குச் சொந்தம். சுவரில் தாராளமாகச் சாயலாம்.

நயா பைசா வந்த வருஷம் ஐந்தருவிப் பாதையில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. ஆள் சேர்த்தேன். தென்காசி ஜவுளி வியாபாரி கிதிர் முகம்மது, வடகரையில் நெல்லும் தென்னையுமாக இருக்கிற சுந்தரபாண்டி, பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வடிவம்மாள், அவர்களோடு நான். சங்கரன்கோவில் வக்கீல் ஒருவரும் செங்கோட்டை மரக்கடைக்காரர் ஒருவரும் மற்ற இரண்டு பங்குக்காரர்கள். அவர்களுக்கு இந்த விவகாரத்தில் வேலை இல்லை, தொந்தரவு செய்யாதீர்கள். வீட்டுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஊரே முறை வீடு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது.

முதல் வருஷம் எல்லோர் முறையிலும் அருவி விழுந்தது. சுந்தரபாண்டி எனக்கு ஒரு குலை இளநீர் அனுப்பினார். நான் அதை என் திட்டத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். அது மேகத்தின் தயவு என்பது அடுத்த வருஷம்தான் தெரிந்தது.

சாரல் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் கொட்டுகிற மழைதான் இது. மேகம் தன் பாரத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும். மிச்சம் மீதியை ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தப் பக்கம் தெறிக்கும். அதனால்தான் நமக்கு வெயிலும் தூறலும் ஒன்றாக இருக்கிறது. அங்கே மழை ஓய்ந்தால் இங்கே காற்று நிற்கும், அருவி இளைத்து நூலாகிவிடும், பாறை சுடும். எந்த வாரம் ஓயும், எந்த வாரம் பிடிக்கும் என்று மேகம் யாருக்கும் சொல்வதில்லை. கிணற்றில் ஊற்று ஊறிக்கொண்டே இருக்கும், யார் முறையானாலும் தண்ணீர் இருக்கும். நான் கிணற்றின் சட்டத்தை மேகத்துக்குப் போட்டுவிட்டேன். என் பிழை அதுதான்.

இரண்டாம் வருஷம் வடிவம்மாள் முறையில் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து அவர் உறவினர்கள் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து இறங்கிவிட்டார்கள். எண்ணெயும் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் அத்தனை பேருக்கும் பின்பக்கத்துக் கிணற்றில் இறைத்து ஊற்றினார். சுந்தரபாண்டிக்கு வேறு மாதிரி. அவர் முறை ஆடியில் விழுந்தது, சாரலும் அருமையாக இருந்தது. ஆனால் மகனுக்கு அந்த வைகாசியில்தான் கல்யாணம். ஆடி என்று மருமகளைத் தாய் வீட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து சாரலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி மூன்று வேளையும் சாப்பிட்டான். சுந்தரபாண்டி என்னிடம் வந்து, “அண்ணாச்சி, ஒண்ணு முறையை மாத்துங்க, இல்லைன்னா ஆடியை மாத்துங்க” என்றார்.

மாற்றிப் பார்த்தேன். முறையைப் பாதிப் பாதியாக உடைத்து இரண்டு தடவையாகக் கொடுத்தேன். பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே பொழுது போகிறது என்றார்கள். பங்குக்காரர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தேன். மழை பெய்கிற முறையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, காய்கிற முறையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. திருவுளச் சீட்டுப் போட்டேன். சாமியின் பெயரால் வந்த மனவருத்தம்தான் மிச்சம்.

இதெல்லாம்கூட ஓடியிருக்கும். காய்ந்த முறையிலும் காற்று இருக்கிறது, மலை இருக்கிறது. அருவி இல்லாவிட்டால் என்ன, ஆக்கித் தின்று தூங்குவோம் என்று கிதிர் முகம்மதுவின் மனைவி ஹைருன் பீவி சொல்லுவார், அப்படியே செய்யவும் செய்வார். மனிதர்கள் கிடைத்ததை வைத்துச் சமாதானம் ஆகிவிடுவார்கள். பக்கத்தில் ஒருவர் வந்து நின்று இதைவிட நல்லது அங்கே கிடைத்தது என்று சொல்லாத வரைக்கும்.

அந்த ஒருவர் குத்தாலிங்கம்.

என் தங்கை கல்யாணசுந்தரியை அவருக்குத்தான் கொடுத்திருந்தோம். தென்காசி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பாத்திரக்கடை. குழந்தைகள் இல்லை. நல்ல மனிதர், எந்த வீட்டு விசேஷமானாலும் அவர் வந்தபிறகுதான் களைகட்டும். சீசனில் அவர் கடைப்பிடித்த வழி என்னவென்றால், கடையில் உட்கார்ந்தபடியே குற்றாலத்திலிருந்து வருகிற பஸ்ஸில் இறங்குகிறவர்களின் தலையைப் பார்ப்பார். பெண்கள் கூந்தல் உலர்ந்து பின்னியிருந்தால் வியாபாரத்தைப் பார்ப்பார். ஈரமாக நுனி முடிச்சுப் போட்டிருந்தால் கடையை அடைத்துவிட்டு என் தங்கையோடு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். ரொக்கத்தைக் கொடுத்து ஓர் அறை. தண்ணீர் இருக்கிற வரை இருப்பார், இளைத்தால் திரும்பிவிடுவார். ஒரு வருஷம்கூட அவர் வறண்ட அருவியைப் பார்த்ததில்லை.

திரும்பியதும் நேரே எங்களிடம்தான் வருவார். “அத்தான், எல்லாரும் சாரல் வந்தா குத்தாலம் போவாங்க. நீங்க குத்தாலத்துல போயி இருந்துக்கிட்டுச் சாரலைக் கூப்பிடுதீய. முறை வச்சு வாறதுக்கு அது என்ன பால்காரனா?”

நான் பொறுமையாக விளக்குவேன். வாடகை என்பது ஓட்டைப் பானையில் ஊற்றுகிற தண்ணீர், பங்கு என்பது தொட்டியில் சேர்கிற தண்ணீர், நாளைக்கு வேண்டாம் என்றால் விற்கலாம், பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போகலாம் என்பேன்.

“எனக்கு எந்தப் பிள்ளைக்கு வைக்க? நான் துட்டைக் குடுக்கேன், குளிக்கேன், வாறேன். ஓடு மாத்துதது, கரையான் பாக்குதது எல்லாம் லாட்ஜ்காரன் பாடு. உங்களுக்கு வருஷத்துல கொஞ்ச நாள் சுகம், பாக்கி நாளெல்லாம் கரையான். இதைச் சொல்லுங்க அத்தான், வீடு உங்களுக்கா, கரையானுக்கா?”

அவர் சொன்னது சரி, ஐயா. இங்கே எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. நானே உட்கார்ந்து பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்கு, எப்போது வேண்டுமானாலும் கிளம்பக்கூடியவனே சரியான ஆள். தேதி குறித்து வீடு வைத்திருப்பவன் அல்ல. அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் விளக்கிச் சரிசெய்திருப்பேன். சரியாகச் சொல்லுகிற ஆளை விளக்கத்தால் என்ன செய்வது?

போன வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்பு கிதிர் முகம்மது என் வீட்டுக்கு வந்தார். மரியாதை தெரிந்தவர், முதலில் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, “அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதீய. இந்த சீசன் முடியவும் என் பங்கை வேற யாருக்காவது பேசிக் குடுத்துருங்க. அடுத்த வருஷம் நானும் குத்தாலிங்கம் அண்ணாச்சி கடையில உக்காந்து பஸ்ஸுல வாற தலையைப் பாக்கலாம்னு இருக்கேன்” என்றார். ஹைருன் பீவியும் அதையே சொல்வதாகச் சொன்னார். அந்த அம்மாளே சொன்னால் பிறகு பேச என்ன இருக்கிறது.

சுந்தரபாண்டியிடம் கேட்டேன். அவர் தென்னைக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசினார். வடிவம்மாள் தனக்கு மாற்றல் வரும்போலத் தெரிகிறது என்றார். ஒரு கல்லை உருவினால் கரை என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கிதிர் முகம்மது போனால் எல்லோரும் போவார்கள், வீடு விலைக்குப் போகும்.

நீங்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். இலாகாவில் நான் நின்று கட்டிய மடைகள், மதகுகள், பாலங்கள் எல்லாவற்றிலும் யாரோ ஒரு என்ஜினியரின் பெயர் செதுக்கியிருக்கிறது. என் தலையில் தோன்றி என் கையால் ஓடிய இயந்திரம் முறை வீடு ஒன்றுதான். நன்றாக ஓடுகிற இயந்திரத்தில் ஓர் இடம் உரசினால் யாரும் இயந்திரத்தைப் பிரித்து எறிவதில்லை. எங்கே உரசுகிறது என்று பார்த்து அதை எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

முதலில் நயமாகத்தான் முயன்றேன். வடிவம்மாள் வீட்டில் நிச்சயதார்த்தம். பங்குக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். குத்தாலிங்கத்திடம், என் பங்கிலேயே பாதியை உங்கள் பெயருக்கு எழுதுகிறேன், ஒன்றும் தர வேண்டாம், வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்றேன். பங்குக்காரராகிவிட்டால் அவரும் எங்களைப்போல வாயை மூடிக்கொண்டு காய்வார் என்று கணக்கு.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். “சும்மா குடுத்தாலும் வேண்டாம் அத்தான். சும்மா வந்த வீட்டுக்கும் நாந்தானே ஒட்டடை அடிக்கணும்.”

பந்தியே சிரித்தது. கிதிர் முகம்மது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான்.

இனி வெள்ளம் எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். குற்றாலத்தில் ஆற்றோடு போகிறவர்கள் பெரும்பாலும் கீழே வானம் வெளுத்திருக்கும்போதுதான் போகிறார்கள். காரணம், தண்ணீர் கீழே பெய்கிற மழையிலிருந்து வருவதில்லை. தேனருவிக்கும் மேலே மலையுச்சியில் மேகம் நகராமல் கறுத்து உட்கார்ந்துவிட்டால், அங்கே பெய்தது இறங்கி வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கீழே இருப்பவன் வெயிலில் குளித்துக்கொண்டிருப்பான். முதலில் தண்ணீரின் நிறம் மங்கும், மண் வாசனை அடிக்கும். பிறகு பச்சை இலைகள் வரும். பழுத்த இலை வந்தால் பயமில்லை, அது தானாக உதிர்ந்தது. பச்சை இலை என்றால் மேலே எதையோ தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அடுத்து சுள்ளி. அதற்கும் பிறகுதான் சத்தம். சத்தம் கேட்டபின் ஓடுவதில் பயன் இல்லை.

ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்தக் குடும்பத்தை முன்கட்டில் உட்கார வைத்து இதையெல்லாம் சொல்வேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாறைமேல் போகக்கூடாது என்பதையும் சொல்வேன். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று உள்ளங்காலுக்குத் தேய்க்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டல்லவா, அது வீட்டுக்குள் குளிக்கிறவர்களுக்கு. முறை வீட்டில் வெந்நீர் அண்டா இருக்கிறது, கொடிக்கம்பி இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது. அதுபோல இந்த விளக்கமும் வீட்டின் வசதிகளில் ஒன்று. பங்கோடு சேர்ந்து வருவது.

போன ஆடியில் என் முறை. அன்று காலை எழுந்ததும் மலையைப் பார்த்தேன். உச்சியில் கறுத்து உட்கார்ந்திருந்தது, அசையவில்லை. கீழே இளவெயில், நல்ல தூறல். பஸ்ஸில் ஈரத்தலைகள் போயிருக்க வேண்டும், சாப்பாட்டு வேளைக்கு முன்பே குத்தாலிங்கம் வந்துவிட்டார். என் தங்கைக்கு மேலுக்கு முடியாததால் தனியாகத்தான் வந்தார். முறை வீட்டு வாசலில் நின்று, “என்ன அத்தான், உங்க முறையும் சாரலும் ஒண்ணா வந்திருக்கு. யாரு காலுல விழுந்தீய?” என்றார்.

பேரருவியில் கூட்டம் நெரிகிறது, செண்பகாதேவிக்குப் போகிற வழியில் ஆற்று நடுவே படுக்கைப் பாறை ஒன்று இருக்கிறது, அங்கே போய் நிம்மதியாகக் குளிக்கலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். மலையைப் பார்த்தது முதலில், கூப்பிட்டது பிறகு. வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

எண்ணெய் தேய்த்துவிடுகிற மாடனும் கூட வந்தான். கரையில் உட்கார வைத்து நன்றாகத் தேய்த்தான். உள்ளங்காலுக்கும் தேய்க்கச் சொன்னேன். அவன் கையை நிறுத்திவிட்டு, பாறைக்குப் போகிற காலாயிற்றே என்று இழுத்தான். கண்ணுக்குக் குளிர்ச்சி என்றேன்.

“தேயிடே மாடா. அத்தான் காரணம் சொல்ல ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிரும்” என்று குத்தாலிங்கம் காலை நீட்டினார்.

தேய்த்து முடித்ததும், சீயக்காய்த் தூளை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வா என்று மாடனைக் கீழே அனுப்பினேன். தூள் என் பையில்தான் இருந்தது. மாடன் மேலே மலையைப் பார்க்க ஆரம்பித்திருந்தான், இருக்க விட்டிருந்தால் வாயைத் திறந்திருப்பான்.

குத்தாலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அத்தான், தண்ணி எப்படி? நடுப்பாறையில போயி இருக்கலாமா?”

“தாராளமா இருக்கலாம்.”

அவர் போகவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “அவ்வளவுதானா? வெளக்கம் ஒண்ணும் கெடையாதா?”

“விளக்கமெல்லாம் பங்குக்காரங்களுக்குத்தான், மாப்பிள்ளை.”

அவர் சிரித்தார். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றுக்கு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே பாறை பாறையாகக் கால் வைத்துப் போனார். வழுக்கியபோது கையை விரித்துச் சமாளித்தார். நடுப்பாறையில் உட்கார்ந்து முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்தார்.

நான் கரையில் மேலே ஏறி, பழைய வெள்ளம் தொட்ட அடையாளத்துக்கும் மேலாக ஒரு வேரில் உட்கார்ந்தேன். நிறம் மங்கியது. மண் வாசனை வந்தது. பச்சை இலைகள் வந்தன, அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். அப்போதும் எழுந்து வர நேரம் இருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பிறகு சுள்ளி வந்தது. பிறகு சத்தம். அவர் எழுந்து நின்றார், ஓர் அடி வைத்தார். எண்ணெய்க் கால். நான் பங்குக்காரர்களுக்குச் சொல்லிவந்த வரிசையில் ஒன்றுகூட முன்பின்னாக நடக்கவில்லை. ஒரு விளக்கத்தை அப்படி முதலிலிருந்து கடைசிவரை கண்ணால் பார்க்கிற வாய்ப்பு எளிதில் கிடைப்பதல்ல.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தூள் எடுக்கக் கீழே போன மாடன் வழியிலேயே தண்ணீரின் வாசனையைக் கண்டுகொண்டு, பேரருவியில் குளித்தவர்களைச் சத்தம் போட்டு வெளியேற்றியிருக்கிறான். ஒருவருக்கும் கீறல் இல்லை. அவனை அனுப்பியது நான்.

மறுநாள் உடலைக் கீழே கண்டெடுத்தார்கள். சீசனில் நடப்பதுதான் என்று ஊர் பேசியது. துக்கம் கேட்க வந்த கிதிர் முகம்மது என் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது, “பங்கு விக்கிற பேச்சு வேண்டாம் அண்ணாச்சி. ரூம் எடுத்துக்கிட்டு நம்ம பாட்டுக்குப் போறதுல இப்படி ஒரு ஆபத்து இருக்குன்னு எனக்குத் தோணல. முறை வீட்டு ஆளா இருந்திருந்தா நீங்க முன்னாடியே வெளக்கம் சொல்லிருப்பீய” என்றார். நான் மறுக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. சுந்தரபாண்டியும் உரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். வடிவம்மாளுக்கு மாற்றல் வரவில்லை. பங்கு காலியானால் சொல்லுங்கள் என்று ஊரில் இரண்டு மூன்று பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள்.

கல்யாணசுந்தரியும் என் வாயிலிருந்து வருகிற எதையும் சின்ன வயதிலிருந்து நம்பியவள்தான். என் பங்கை முழுவதுமாக அவள் பெயருக்கு மாற்றினேன். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை.

“கேக்காததுக்கெல்லாம் விளக்கம் சொல்லுவியளே அண்ணே. அன்னைக்கு அவுக கேக்கலியா?”

கேட்டார் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

“என்ன சொன்னிய?”

உங்களுக்கு எழுதியதைத்தான் அவளுக்கும் சொன்னேன். அவர் பங்குக்காரர் இல்லையே அம்மா என்றும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. சேலையை மாற்றிக்கொண்டு வெளியே போனாள். உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வருகிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் நானே கூட்டிவந்திருப்பேன், அவளுக்கு அந்தப் பக்கம் வழி பழக்கமில்லை. இந்த ஆடியில் முறை அவளுக்கு வருகிறது. கோபம் தணிந்ததும் வந்து இருப்பாள். வீட்டை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு வருகிறேன். சாரலை ஆறு பேருக்குப் பங்கு போட வழியே இல்லை, தேவையும் இல்லை. இந்த வருஷம் ஆனியில் இரண்டு பேருடைய முறை சுத்தமாகக் காய்ந்தது. சுந்தரபாண்டி குடும்பம் பேரனையும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சீட்டாடிவிட்டு, நல்ல காற்று என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பியது. போன வாரம் அருவி எப்படி விழுந்தது என்று அவர்களிடம் வந்து சொல்ல ஆள் இல்லை. முறை வீடு ஓட வேண்டுமென்றால், பங்கில்லாமல் போய்க் குளித்துவிட்டு வந்து சொல்கிற ஆள் இருக்கக்கூடாது. இருந்தது ஒருவர்தான், அவரை எடுத்துவிட்டேன், வீடு ஓடுகிறது.